மடைச் சண்டையை ஒரு தாளில் வரைவது எப்படி?

எங்கள் ஊர்ப் பாசன ஏரியில், எங்கள் பேச்சில் கண்மாயில், ஆண்டுக்கு ஒரு சண்டையாவது நடக்கும். தை மாதம், நெல் பால் பிடிக்கிற நேரம். கண்மாயில் தண்ணீர், அடியில் உள்ள மடை மட்டத்துக்கு இறங்கியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு யாரோ மண்வெட்டியோடு போய் வாய்க்காலை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிடுவார். விடிந்து, வாய்க்கால் கடைசியில் வயல் உள்ள கடைமடைக்காரர் வந்து பார்த்தால் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். அப்புறம் கூச்சல், கைகலப்பு, காவல் நிலையம். ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "யாரு வெட்டினது?" ஆளைக் கண்டுபிடித்து அபராதம் போடுவார்கள். அடுத்த தையில் வேறொருவர் வெட்டுவார்.

ஆள் மாறுகிறார், வேலை மாறவில்லை. அப்படியென்றால் ஆளை மட்டும் பார்த்துப் பயனில்லை. அவர் நிற்கிற இடத்தையும், அந்த இடத்தை மற்ற இடங்களோடு கட்டிப்போட்டிருக்கும் கயிறுகளையும் பார்க்க வேண்டும். இப்படிப் பார்ப்பதற்கு அமைப்புச் சிந்தனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் கொஞ்சம் பயமுறுத்தும். தேவைப்படுவது ஒரு சார்ட் பேப்பர், இரண்டு நிற ஸ்கெட்ச் பேனா, கொஞ்சம் பொறுமை.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் ஜே ஃபாரஸ்டர். 1950களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி ஆலையில் ஒரு விசித்திரம் இருந்தது. சில ஆண்டுகள் கூடுதல் நேர வேலை ஓடும். அடுத்த சில ஆண்டுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். சந்தை ஏறி இறங்குகிறது என்றுதான் நிர்வாகம் நினைத்தது. ஃபாரஸ்டர் பென்சிலும் தாளும் எடுத்து வாரா வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும், சரக்கு இருப்பைப் பார்த்து ஆள் எடுப்பதற்கு அவர்களே வைத்திருந்த விதிகள் இந்த ஊஞ்சலை உண்டாக்கப் போதும் என்று தெரிந்தது. ஆலையில் கெட்டவர் யாரும் இல்லை. ஆனாலும் பாதிப் பேருக்கு வேலை போனது.

கண்மாயை எடுத்துக்கொண்டு இதைச் சொல்லித் தருகிறேன், ஏனென்றால் அங்கே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். உங்கள் சண்டை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கலாம், அலுவலகத்தில் இருக்கலாம், அண்ணன் தம்பிக்குள் இருக்கலாம். வரைகிற விதம் ஒன்றுதான். கண்மாய் பழக்கமில்லாதவர்களுக்குச் சில சொற்கள்: வடக்கே ஏரி என்பதைத்தான் நாங்கள் கண்மாய் என்கிறோம். மடை என்பது தண்ணீர் வெளியேறும் வாய், வடக்கே மதகு. கலுங்கு என்பது நிரம்பினால் வழியும் இடம். மடைக்கு அருகே வயல் உள்ளவர் தலைமடைக்காரர், வாய்க்கால் முடியும் இடத்தில் வயல் உள்ளவர் கடைமடைக்காரர். கரைக்கு உட்பக்கம், தண்ணீர் பின்வாங்கும்போது வெளியே தெரிகிற நிலம் உள்வாய்.

முதலில் ஒரு கோடு

வட்டமும் அம்பும் போடுவதற்கு முன்னால், தாளின் அடியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுங்கள். அதில் ஆண்டுகளைக் குறியுங்கள். சண்டை எந்தெந்த ஆண்டில் வந்தது, எவ்வளவு பெரிதாக வந்தது என்று மேலே புள்ளி வையுங்கள். நினைவில் இல்லாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள். "உங்க மகளுக்குக் கல்யாணம் ஆன வருசம் மடையில சண்டை நடந்துச்சா, மாமா?" என்று கேட்டால் பதில் வரும். "எந்த ஆண்டு நடந்தது?" என்று கேட்டால் வராது.

எங்கள் ஊரில் இதைச் செய்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. பழைய நாளில் மழை பொய்த்த ஆண்டில்தான் மடைச் சண்டை. கண்மாய் நிரம்பிக் கலுங்கில் மறுகால் (உபரித் தண்ணீர்) போன ஆண்டில் யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. இப்போது கண்மாய் நிரம்பிய ஆண்டிலும் சண்டை வருகிறது. இது ஒன்றே பாதி விளக்கம். மழையைக் குறை சொல்ல முடியாது. இந்த முப்பது நாற்பது ஆண்டில் வேறு ஏதோ மாறியிருக்கிறது. என்ன என்பதைத்தான் மற்றப் படிகளில் தேடப் போகிறோம்.

இந்தக் கோட்டைப் போடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். போன வாரம் நடந்ததை மட்டும் வைத்து வரைந்தால், போன வாரம் யார் கத்தினாரோ அவர்தான் படத்தின் நடுவில் வந்து உட்காருவார்.

யார் யார், அதிலும் கூட்டத்துக்கு வராதவர் யார்

அடுத்து ஆட்களை எழுத வேண்டும். பெயரை எழுதாதீர்கள், இடத்தை எழுதுங்கள். தலைமடைக்காரர், கடைமடைக்காரர் என்று இரண்டை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் செய்கிற பிழை. சண்டை போடுகிறவர்கள் இரண்டு பேர் என்பதால் சண்டையில் இருப்பவர்களும் இரண்டு பேர்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

எங்கள் தாளில் கடைசியில் சேர்ந்தவர்கள் இவர்கள்: சொந்தக் கிணறும் மோட்டாரும் உள்ளவர், இரண்டும் இல்லாதவர், உள்வாயில் பயிர் வைத்திருப்பவர், மீன் குத்தகை எடுத்தவர், ஆடு மேய்ப்பவர், மடை திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி, நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகும் பெண்கள், சென்னையில் இருந்துகொண்டு நிலத்தை வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) விட்டிருப்பவர், அப்புறம் அரசு. பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமலேயே பல ஊர்களில் ஒரு போகம் போய்விடும்.

ஒவ்வொருவர் பக்கத்திலும் இரண்டு வரி எழுதுங்கள். ஒன்று, அவர் இருக்கும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது. இரண்டு, அவருக்கு எது நடந்தால் நல்லது. உள்வாயில் பயிர் வைத்தவருக்குக் கண்மாய் நிரம்பினால் பயிர் மூழ்கும், எனவே மடை சீக்கிரம் திறந்தால் நல்லது. குத்தகைக்காரருக்குக் குத்தகைக் காலம் முடிவதற்குள் தண்ணீர் வற்றி மீன் பிடிபட வேண்டும். கடைமடைக்காரருக்குக் கடைசிப் பாய்ச்சல் வரைக்கும் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய நிமிடத்தில், இரவில் மடை ஏன் திறக்கிறது என்பதற்கு வாய்க்காலை வெட்டினவரைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் கிடைத்தன. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் மீனைக் குத்தகைக்கு விடாமல், தண்ணீர் வற்றும்போது ஒரு நாள் குறித்து ஊரெல்லாம் இறங்கி மீன் பிடிக்கும் திருவிழா இருக்கிறது. அது வெறும் கொண்டாட்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தண்ணீரை முன்கூட்டியே வடிப்பதில் தனி லாபம் உள்ள ஆள் அந்த ஊரில் இல்லை என்பது இந்தத் தாளைப் போட்ட பிறகுதான் உறைத்தது.

ஒருவரைப் பற்றி "பேராசைக்காரர்" என்று எழுதக் கை போனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். அதே வயலில், அதே கடனோடு, ஊரிலேயே நல்லவர் என்று பெயர் எடுத்தவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் என்ன செய்வார்? அவரும் அதையேதான் செய்வார் என்று தோன்றினால், அந்தச் சொல்லை அடித்துவிட்டு இடத்தின் பெயரை எழுதுங்கள். செய்யமாட்டார் என்று உறுதியாகத் தோன்றினால் சொல் இருக்கட்டும். பேராசைக்காரர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்தானே.

இருப்பு, வரத்து, போக்கு

கண்மாய்க்குத் தண்ணீர் வருகிறது, நிற்கிறது, போகிறது. வரத்து, இருப்பு, போக்கு. இந்த மூன்றும் புரிந்தால் அமைப்புச் சிந்தனையில் பாதி புரிந்தது. இருப்பு ஒரே நாளில் மாறாது. வரத்துக்கும் போக்குக்கும் உள்ள வித்தியாசம்தான் அதை மெதுவாக ஏற்றும், இறக்கும்.

இப்போது கண்ணுக்குத் தெரியாத இருப்புகளை எழுதுங்கள். வாய்க்காலில் படிந்திருக்கும் தூர் ஓர் இருப்பு. ஒவ்வொருவர் கடனும் ஓர் இருப்பு. ஒருவர் சொல்லை மற்றவர் எவ்வளவு நம்புகிறார் என்பதும் இருப்புதான். அதற்கு வரத்து எது? சொன்ன நாளில் சொன்னபடி மடை அடைத்த ஒவ்வொரு தடவையும். போக்கு எது? அப்படி நடக்காத ஒவ்வொரு தடவையும். இருபது ஆண்டாக வற்றிய கண்மாயை ஒரு சமாதானக் கூட்டத்தில் நிரப்ப முடியாது என்று தெரிந்துகொண்டால், கூட்டம் முடிந்து மறுநாளே யாராவது முறைத்துக்கொண்டு போகும்போது நாம் சோர்ந்துபோக மாட்டோம்.

அம்பு போடுவது

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கூடும், குறையும் என்று சொல்லக்கூடிய பொருள்களை மட்டும் எடுங்கள். "தலைமடைக்காரர் திமிர்" கூடுமா குறையுமா என்று அளக்க முடியாது. "முறை தாண்டித் தண்ணீர் பாய்ச்சிய மணி நேரம்" அளக்க முடியும். பிறகு எது எதை மாற்றுகிறதோ அங்கிருந்து இங்கே ஓர் அம்பு. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்றால் அம்பின் நுனியில் கூட்டல் குறி. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றால் கழித்தல் குறி. அவ்வளவுதான் இலக்கணம்.

எங்கள் கண்மாயில் வந்த முதல் சுழல் இது. கடைமடைக்கு எட்டும் தண்ணீர் கூடினால், கடைமடைக்காரர் கிணற்றை நம்புவது குறையும்: கழித்தல். கிணற்றை நம்புவது கூடினால், வாய்க்காலில் தூர் எடுக்கும் மராமத்து வேலைக்கு வரும் ஆட்கள் குறைவார்கள்: கழித்தல். மராமத்துக்கு வரும் ஆட்கள் கூடினால் தூர் குறையும்: கழித்தல். தூர் கூடினால் கடைமடைக்கு எட்டும் தண்ணீர் குறையும்: கழித்தல். தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்.

இப்போது கழித்தல் குறிகளை எண்ணுங்கள். நான்கு. இரட்டைப்படை என்றாலோ, ஒன்றுகூட இல்லை என்றாலோ அது தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் சுழல். கெடத் தொடங்கினால் மேலும் மேலும் கெடும். நல்லதாகத் தொடங்கினால் மேலும் மேலும் நல்லதாகும். ஒற்றைப்படை என்றால் அது தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் சுழல், வண்டியின் பிரேக் மாதிரி. இந்த எண்ணிக்கை எளிது, பிழையாகாது. குறிகள் சரியாக இருந்தால் போதும்.

இந்தச் சுழலுக்குள் வெளியிலிருந்து ஒரு தள்ளு வந்தது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதனால்தான் மூன்று வேளை சாப்பிட்டன. ஆனால் தாளில் அது எங்கே விழுகிறது என்று பாருங்கள்: "கிணற்றை நம்புவது" என்ற இடத்தில். கிணறு உள்ளவர் மண்வெட்டி தூக்கிக்கொண்டு மராமத்துக்கு வர வேண்டிய அவசியம் போயிற்று. வாய்க்கால் தூர்ந்தது. கிணறு இல்லாதவர் கடைமடையில் தனியாக நின்றார். கிணற்றுக்கு ஊற்று கொடுப்பதே கண்மாயில் நிற்கும் தண்ணீர்தான் என்பதால், சில ஆண்டு கழித்து கிணறு உள்ளவருக்கும் அடி விழுந்தது. அவர் போர்வெல் போட்டு இன்னும் ஆழத்துக்குப் போனார். சண்டைக் கோடு ஏன் அந்தக் காலத்துக்குப் பிறகு நல்ல மழையிலும் ஏறுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருந்தது.

இரண்டாவது சுழல் சின்னது, ஆனால் மண்வெட்டியைத் தூக்க வைப்பது அதுதான். அடுத்த முறையில் தனக்குத் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை குறைந்தால், கிடைக்கும்போதே தேவைக்கு மேல் பாய்ச்சி வைத்துக்கொள்வார்கள். அப்படிப் பாய்ச்சினால் கீழே இருப்பவருக்கு முறை தள்ளிப்போகும். முறை தள்ளிப்போனால் நம்பிக்கை மேலும் குறையும். தலைமடைக்காரர் வயலில் வரப்பு முட்டத் தண்ணீர் நிற்பதைப் பார்த்து "கொழுப்பு" என்று கடைமடைக்காரர் சொல்வார். கிட்டே போய்க் கேட்டால் "நாளைக்கு விடுவாங்களோ என்னமோண்ணே" என்பார் தலைமடைக்காரர். அவரும் பயத்தில்தான் செய்கிறார்.

இதை ஒருமுறை வீட்டில் போட்டுப் பழகுங்கள். வயதான அம்மாவை ஊரில் தம்பி பார்த்துக்கொள்கிறார், அக்கா துபாயிலிருந்து பணம் அனுப்புகிறார் என்று வையுங்கள். அக்காவுக்குக் கிடைக்கும் தகவல் குறைந்தால் சந்தேகம் கூடும். சந்தேகம் கூடினால் கணக்குக் கேட்பது கூடும். கணக்குக் கேட்பது கூடினால் தம்பி மனம் வெறுத்து இன்னும் குறைவாகச் சொல்வார். கழித்தல் எத்தனை? இரண்டு. இந்த மாதிரி வீடுகளில் யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே மூன்று ஆண்டில் பேச்சுவார்த்தை நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

தாமதம் எங்கே ஒளிந்திருக்கிறது

அம்புகளில் சிலவற்றுக்குக் குறுக்கே இரண்டு சின்னக் கோடு போட வேண்டும். காரணம் இன்று நடந்து விளைவு ஆண்டுகள் கழித்து வரும் இடங்கள் அவை. தாமதம் உள்ள இடத்தில்தான் மனிதர்கள் தவறான ஆளைப் பிடித்துச் சட்டையைக் கிழிப்பார்கள்.

கண்மாயை விட்டுக் கொஞ்சம் கடலுக்குப் போவோம். பாக் விரிகுடா மீனவர் பிரச்சினையைப் பெரும்பாலும் எல்லைச் சண்டையாகவே பேசுகிறோம்: 1974, 1976 இந்திய-இலங்கைக் கடல் எல்லை ஒப்பந்தங்கள், கச்சத்தீவு, கைது, விடுதலை. அந்தப் பேச்சுக்கு அதற்கான இடம் உண்டு. ஆனால் இதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். இலங்கையில் 1983-இல் போர் மூண்ட பிறகு வடபகுதித் தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போவது பெரிதும் முடக்கப்பட்டது. இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கடலடியை வாரி மடி (வலை) இழுக்கும் இழுவைப் படகுகள் ஓடிக்கொண்டே இருந்தன. பயன்படுத்துபவர்களில் ஒரு பாதி இல்லாத கடலில் இருபத்தைந்து ஆண்டு தொழில் வளர்ந்தது. படகுகளின் எண்ணிக்கை ஓர் இருப்பு. அதன் பின்னால் கடன், ஐஸ் ஆலை, ஏற்றுமதி, கூலியாட்கள் என்று எல்லாம் சேர்ந்துகொண்டது. 2009-இல் போர் முடிந்து அந்தப் பக்கத்து மீனவர்கள் வலையோடு திரும்பி வந்தார்கள். கடல் ஒரே ஆண்டில் மாறியது. படகுகளின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் மாறாது. அடிமடி இழுக்கும் படகு போன வழியில் சிறு மீனவரின் வலை கிழிகிறது. இலங்கை 2017 ஜூலையில் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. அதே ஆண்டு இங்கே 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தரும் திட்டம் வந்தது, மெதுவாகவே நகர்ந்தது. கடன் தீராமல், ஆழ்கடல் தொழில் பழகாமல், படகை விட்டு ஒருவர் எப்படி இறங்குவார்? இரண்டு பக்கமும் தமிழ் பேசும் மீனவர்கள்தான். அவர்களை ஒருவருக்கொருவர் எதிரியாக்கியதில் இந்தத் தாமதத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

உங்கள் சண்டையிலும் இதைத் தேடுங்கள். "இப்போது உறுத்துகிற விஷயம் எது? அது தொடங்கியபோது அது யாருக்கு வசதியாக இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.

ஏற்கெனவே செய்து பார்த்தவை

தாளின் ஒரு மூலையில், இதுவரை முயன்ற தீர்வுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றும் எந்த அம்பைத் தொட்டது என்று பாருங்கள். எதையும் தொடவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள்.

எங்கள் ஊரில் அபராதம் போட்டோம். எந்த அம்பையும் தொடவில்லை. மடைக்குப் பூட்டுப் போட்டோம். சாவி யாரிடம் என்ற புதுச் சண்டை முளைத்தது. தாசில்தார் முன்னால் சமாதானக் கூட்டம் நடந்தது, கையெழுத்துப் போட்டோம். அந்தப் போகம் அமைதியாகப் போனது. ஆனால் "பிரச்சினை வந்தால் தாசில்தார் இருக்கிறார்" என்று ஆகிவிட்டதால், ஊருக்குள் உட்கார்ந்து பேசும் பழக்கம் இன்னும் கொஞ்சம் தேய்ந்தது. தலைவலிக்கு மாத்திரை போட்டுப் போட்டுத் தூங்காமலே காலம் தள்ளுகிற மாதிரி. மாத்திரை தப்பில்லை, தூக்கம் எங்கே என்று கேட்க வேண்டும்.

எங்கே கை வைப்பது

புதியவர்கள் உடனே பெரிய இடத்தில் கை வைக்கப் பார்ப்பார்கள்: இலவச மின்சாரத்தை நிறுத்து, ஆக்கிரமிப்பு முழுவதையும் அகற்று. ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதை நடத்திக்காட்ட ஊருக்குள் ஒற்றுமை வேண்டும், அதுதான் இல்லை. ஆகவே சின்னதாக, பெருக்கும் சுழல் திரும்பக்கூடிய ஓர் இடமாகப் பாருங்கள்.

பெரும்பாலும் மலிவான இடம் தகவல். பயத்தில் அதிகம் பாய்ச்சுகிறவருக்கு, அடுத்த முறை எந்த நாள், எத்தனை மணி என்று முன்கூட்டியே தெரிந்தால் பயம் குறையும். நாங்கள் மடைக்கருகே ஒரு கரும்பலகை நட்டோம். கண்மாயில் எத்தனை அடி தண்ணீர், இன்று யார் முறை, நாளை யார் முறை. சாக்பீஸ் செலவுதான். துபாய் அக்கா வீட்டுக்கும் இதுவே மருந்து: அவர் கேட்பதற்கு முன்னால் ஞாயிறுதோறும் மருந்துச் சீட்டை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவது. கேட்ட பிறகு அனுப்பினால் அது கணக்கு, கேட்குமுன் அனுப்பினால் தகவல்.

அடுத்தது விதி. யார் முதலில் என்ற வரிசையை மாற்றினால் பல சண்டைகள் உருவே மாறிவிடும். இலங்கையின் உலர் வலயக் குளங்களில் பெத்ம என்றொரு பழைய வழக்கம் உண்டு. தண்ணீர் போதாத ஆண்டில் குளத்துக்கு அருகே உள்ள வயல்களை மட்டும் பயிரிடுவார்கள். அந்த நிலத்தை அந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிடுவார்கள்; கடைசியில் வயல் உள்ளவருக்கும் மேலே பங்கு கிடைக்கும். தண்ணீரைப் பங்கு போடச் சண்டை போடுவதற்குப் பதில், வறண்ட ஆண்டில் கடைமடை என்பதையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். எங்கள் ஊரில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். பட்டா நிலத்தை யார் விட்டுக்கொடுப்பார்கள்? சரி, ஒத்துவராது. அதனால் எங்களால் முடிந்தது, ஒரு முறை மேலிருந்து கீழ், அடுத்த முறை கீழிருந்து மேல். கீழிருந்து தொடங்குகிற முறையில் வாய்க்கால் சுத்தமாக இருப்பதில் எல்லாருக்கும் அக்கறை வந்தது தனி லாபம்.

மூன்றாவது, கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்பது. நீர்ப்பாய்ச்சிக்கு அந்தப் பாசனத்தில் பெரும்பாலும் சொந்த வயல் இருக்காது. கூலி நெல்லாகக் கிடைக்கும். எல்லார் வயலும் விளைந்தால்தான் அவருக்கு நெல். இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவருக்கு வயல் இல்லாததற்குப் பல ஊர்களில் சாதிதான் காரணம், தப்பு நடந்தால் முதல் அடியும் அவர் முதுகில்தான். அவரை மீண்டும் வைப்பதானால் பணமாகச் சம்பளமும், கூட்டத்தில் நாற்காலியும் சேர்த்து வையுங்கள்.

உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் எடுப்பது பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நான் பார்க்கச் சொல்வது தகுதியின்மைப் பட்டியலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது; கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது. நல்லவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்ற அறிவுரையோடு அவர்கள் நிற்கவில்லை. நாற்காலி ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும் சுழலை விதியால் வெட்டினார்கள்.

கூட்டம் போடும் நாள்

வீட்டில் அழகாக வரைந்து முடித்த தாளைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அது உங்கள் தாள் ஆகிவிடும், அதைக் கிழிப்பதே அவர்கள் வேலை ஆகிவிடும். வெற்றுத் தாளைத் தரையில் விரியுங்கள். மேசை வேண்டாம், மேசை போட்டால் ஒருவர் தலைவராக உட்காருவார். கோட்டிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுகளை நினைவுகூரும்போது எதிரெதிர்க் கட்சிக்காரர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு பேசத் தொடங்குவார்கள்.

அம்பு போடும்போது ஒரு தந்திரம்: தலைமடைக்காரரின் அம்பைக் கடைமடைக்காரரைப் போடச் சொல்லுங்கள், இவருடையதை அவரை. "அவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள், சரியா என்று அவரையே கேட்போம்." முதலில் கிண்டலாகத்தான் சொல்வார்கள். மூன்றாவது அம்பில் குரல் இறங்கும். பெண்களைத் தனியாக முன்னரே கேட்டுவிடுங்கள். இரவில் யார் மடைக்குப் போனார்கள், எந்த வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, எதில் வெடிப்பு என்பதெல்லாம் களையெடுக்கப் போனவர்களுக்குத்தான் தெரியும். கூட்டத்தில் அவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கடைசியில் எல்லாவற்றையும் தீர்க்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு போகம், அளக்க ஒரே ஓர் எண். எங்களுடைய எண்: கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டிய நாட்கள் எத்தனை. யார் ஒழுங்காக நடந்தார் என்று அளக்கப் போனால் பழைய சண்டை வேறு உடையில் வந்து நிற்கும்.

தாளை மடித்து வைக்க வேண்டிய இடம்

எல்லாவற்றையும் அமைப்பின் மேல் போட்டுவிட்டு ஆள் தப்பித்துக்கொள்ள இந்த முறையைப் பயன்படுத்த முடியும். "சூழ்நிலை அப்படிம்மா" என்று சொல்லி அடிக்கிற கணவனுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். வீட்டில் அடி விழுகிறது என்றால் வட்டம் வரைய உட்காராதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். ஒரு பக்கத்தின் வீட்டைக் கொளுத்தியிருந்தால் முதலில் வழக்கு, பிறகுதான் தாள். ஒருவர் மற்றவரிடம் கூலிக்குப் போய்த்தான் பிழைக்கிறார் என்றால், இருவரையும் ஒரே பாயில் உட்காரவைத்து மனம்விட்டுப் பேசச் சொல்வது பாதிப் பொய். பேசினால் நாளைக்கு வேலை போகும் என்பதும் ஓர் அம்புதான், அதை முதலில் வரைய வேண்டும்.

இன்னொன்று. தாள் நிரம்பிக் கருத்துப் போகும் அளவுக்கு அம்பு போடுவதில் ஒரு மயக்கம் இருக்கிறது, எனக்கும் வந்தது. பதினைந்து அம்புக்கு மேல் போனால் யாருக்கும் புரியாது. எதை எடுத்தால் கதை நின்றுபோகுமோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

முதல் தாளைத் தேதி போட்டுப் பத்திரமாக வையுங்கள். அறுவடை முடிந்து, கையில் கொஞ்சம் பணமும் மனதில் கொஞ்சம் இளக்கமும் இருக்கிற மாசி மாதத்தில் அதை மறுபடி விரியுங்கள். பிழையான அம்புகளை வேறு நிறத்தில் திருத்துங்கள். எங்கள் தாளில் மூன்று அம்பு தப்பாக இருந்தது. கரும்பலகையால்தான் சண்டை குறைந்தது என்று நான் நினைத்திருந்தேன். "பலகையை யாருண்ணே படிச்சா? தினம் காலையில அதை எழுத ஒரு ஆள் வர்றாருன்னு தெரிஞ்சுது. ராத்திரி வெட்ட கூச்சமா இருந்துச்சு" என்றார் தலைமடைக்காரர் ஒருவர். அந்த அம்பைச் சிவப்பில் போட்டுக்கொண்டோம். அடுத்த போகத்துக்கு எழுத ஆள் யார் என்பதுதான் அன்று மாலை முழுவதும் பேச்சு.